எலிக்கும் ஈரத்துக்கும் எட்டாத தீனித்தொட்டி

வீட்டுக் கோழி வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தாமான் குடியிருப்பில் மூலை வீடு எங்களுடையது. அம்மா தம் கம்பத்து (கிராமத்து) வீட்டைக் காலி செய்தபோது, அவர் வளர்த்த ஆறு பெட்டைகளையும் ஒரு சேவலையும் நான் கொண்டுவந்துவிட்டேன். வீட்டின் பின்புறம் வலையடித்த கூண்டும், அதைச் சுற்றிக் கொஞ்சம் திறந்த இடமும் இருக்கின்றன. காலையில் ஒரு பழைய அலுமினியத் தாம்பாளத்தில் மாவுத் தீனியைக் கொட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். மாலையில் வந்து பார்த்தால் தாம்பாளம் கவிழ்ந்திருக்கிறது. பாதித் தீனி மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. மூன்று மாதங்களாக எலி நடமாட்டமும் பெருகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். கோழி ஏறி மிதித்தால் மூடி திறக்கும் இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கலாம் என்கிறார் கணவர். பிவிசி குழாயில் செய்து தருகிறேன், காசைக் கரியாக்காதீர்கள் என்கிறார் தம்பி. யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கணவர் சொல்லும் பெட்டியும் தம்பி சொல்லும் குழாயும் பயன்படக்கூடியவைதாம். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னர், ஒரு விடுமுறை நாள் காலையில் கூண்டருகே கால் மணி நேரம் உட்கார்ந்து, உங்கள் பெட்டைகள் எப்படித் தின்கின்றன என்று பாருங்கள். கோழி முதலில் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் தீனியை நோட்டம் விடும். பிறகு அலகை உள்ளே விட்டு வலப்பக்கம் ஒரு வீச்சு, இடப்பக்கம் ஒரு வீச்சு. மேலே கிடக்கும் தூளை ஒதுக்கிவிட்டு அடியில் இருக்கும் சோளக் குருணையைத் தேடி எடுப்பதற்காக அது செய்யும் வேலை இது. வீச்சுக்கு ஒரு சிட்டிகையாகத் தீனி விளிம்பைத் தாண்டி மண்ணில் விழும். தாம்பாளம் தரையில் இருக்குமானால் அலகோடு காலும் சேர்ந்துகொள்ளும். சீய்த்தே பழகிய அந்தக் கால் தாம்பாளத்துக்கும் குப்பைமேட்டுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை.

ஆகவே தொட்டி எதுவாக இருந்தாலும், அதன் விளிம்பு நிற்கும் கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்ந்திருக்க வேண்டும். அந்த உயரத்தில் கோழியால் கொத்தித் தின்ன முடியும். காலை உள்ளே வைக்க முடியாது. அலகை வீசினாலும் தீனி தொட்டியின் உட்சுவரில் பட்டுத் திரும்ப விழும். தொட்டியில் நிற்கும் தீனி அதன் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. விளிம்பு ஒரு விரல் அளவு உட்புறமாக மடிந்திருந்தால் இன்னும் நல்லது. இதற்குக் காசு செலவு ஒன்றுமில்லை. இன்று மாலையே அந்தத் தாம்பாளத்தை எடுத்துவிட்டு, கனமான, ஆழமான மண்சட்டி ஒன்றை இரண்டு மூன்று செங்கற்களின் மேல் அசையாமல் நிறுத்திப் பாருங்கள். நாளை மாலையே வேறுபாடு கண்ணில் படும். புதுத் தொட்டி வரும்வரை இதுவே போதும்.

அடுத்தது அளவு. முட்டையிடும் பெட்டை ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீனி தின்னும். கம்பத்துக் கோழி உருவத்தில் சிறியது, புல், பூச்சி, கறையான் என்று வெளியிலும் பொறுக்கிக்கொள்ளும் என்பதால், தலைக்கு 100 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். ஏழு உருப்படிகளுக்கு 700 கிராம். மாதத்துக்கு 21 கிலோ. சமையலறைத் தராசில் ஒரு முறை 700 கிராம் நிறுத்து, காலி மைலோ டின் ஒன்றில் கொட்டி, அது நிற்கும் மட்டத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் கை போன போக்கில் அள்ளிக் கொட்டுகிறார்கள். பொழுது சாய்ந்து கோழிகள் பரண் ஏறிய பிறகு தொட்டியில் எஞ்சுவது எலிக்குப் போடும் தீனிதான் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

எலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உண்மையான சிக்கல் அதுதான். வளர்ந்த எலி ஒன்று ஓர் இரவில் 20 முதல் 30 கிராம் வரை தின்னும். நான்கைந்து எலிகள் இருந்தால், முட்டையிடாத ஒரு பெட்டைக்கு நீங்கள் தினமும் தீனி போட்டு வளர்க்கிறீர்கள் என்று பொருள். தின்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அது தொட்டியிலேயே சிறுநீர் கழித்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. 'கென்சிங் திக்குஸ்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரா என்னும் கிருமியால் வருவது. எலியின் சிறுநீர் கலந்த ஈரமான மண்ணும் நீரும் நம் கை கால்களில் உள்ள சிராய்ப்பில் பட்டாலே அது தொற்றக்கூடும். வெறுங்காலோடு கூண்டுக்குள் போகும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். எலி பெருகிய இடத்துக்குப் பாம்பும் வரும். எலியைத் தேடி வரும் மலைப்பாம்பு எலியோடு நிறுத்திக்கொள்ளாது.

இனி இரும்புப் பெட்டிக்கு வருகிறேன். முன்னால் ஒரு மிதிபலகை, அதோடு இணைந்த கம்பி, கம்பியின் முனையில் மூடி: கோழி பலகையில் ஏறினால் மூடி உயரும், இறங்கினால் மூடிக்கொள்ளும். எலியின் எடைக்கு அது அசையாது. மழைச்சாரலும் மைனா, குருவிகளும் உள்ளே போக முடியாது. எலித் தொல்லைக்கு இதைவிட நல்ல பெட்டி இல்லை என்பதே என் கருத்து. ஆனால் மூன்று விஷயங்களை விசாரித்துவிட்டு வாங்குங்கள். முதலாவது, மூடி திறக்க எவ்வளவு எடை வேண்டும் என்பது. ஒன்றரைக் கிலோ பெட்டைக்கு எளிதாகத் திறக்கும் பெட்டி, அரைக் கிலோவுக்கும் குறைவான கிளந்தான் செராமா கோழிக்குத் திறக்காது. இரண்டாவது, தகட்டின் தரம். பட்டர்வொர்த்திலும் பினாங்குத் தீவுப் பகுதியிலும் கடற்காற்று மெல்லிய நாகமுலாம் தகட்டை விரைவில் துருவாக்கிவிடும். கீல் துருப்பிடித்தால் மூடி பாதியில் நின்றுவிடும், அதன் பிறகு எலிக்கும் அது திறந்த வீடுதான். மூன்றாவது, குஞ்சுகள். கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் இந்தப் பெட்டியைப் பார்த்ததில்லை. தாய்க்கோழி மிதித்துத் திறந்த மூடிக்குள் குஞ்சு தலையை நீட்டி, தாய் சட்டென்று இறங்கிவிட்டால், மூடி குஞ்சின் கழுத்தில்தான் விழும். குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் இருந்தால், மெதுவாக மூடும் அமைப்பு உள்ளதைத்தான் வாங்க வேண்டும். அல்லது குஞ்சுகள் வளரும்வரை மிதிபெட்டியே கூடாது. பழக்குவதற்கும் ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். முதல் சில நாள்கள் மூடியை ஒரு குச்சி வைத்து முழுவதும் திறந்தே வைத்திருந்து, பிறகு பாதி, பிறகு கால் என்று குறைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு துணிச்சலான பெட்டை கற்றுக்கொண்டால் மற்றவை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

தம்பியின் குழாயில் எனக்குள்ள தயக்கம் வேறு. 4 அங்குலக் குழாயை ஒரு மீட்டர் உயரத்துக்கு நிறுத்தினால் ஏறத்தாழ 8 லிட்டர் கொள்ளும். தீனியாகக் கணக்கிட்டால் 5 கிலோவை ஒட்டி வரும். உங்கள் கோழிகளுக்கு அது ஒரு வாரத் தீனி. நிரப்பிவிட்டு ஒரு வாரம் மறந்திருக்கலாம் என்பதைத்தான் எல்லாரும் குழாயின் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்த பினாங்கில் அதுவே அதன் குறை. அத்துடன் ஒரு குழாய்க்கு ஒரு வாய்தான். கோழிக் கூட்டத்தில் மேல் கீழ் என்று ஒரு வரிசை உண்டு என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வாய் ஒன்றாக இருந்தால் அதிகாரம் செய்யும் பெட்டை அதன் முன்னால் நின்றுகொள்ளும், கடைசிப் பெட்டை மதியம்வரை பசியோடு சுற்றும். குழாய்தான் வேண்டுமென்றால் இரண்டு குழாய்கள், கூண்டின் எதிரெதிர் மூலைகளில், ஒவ்வொன்றிலும் அரையடி உயரத்துக்கு மட்டும் தீனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் வாளித் தொட்டிதான் செய்வேன். தம்பியின் கைத்திறனும் வீணாகாது. மூடி இறுக்கமாகப் பொருந்தும் 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளி இரண்டு வாங்குங்கள். உணவுப் பொருள் வந்த வாளியாக இருப்பது நல்லது. சாயம் வந்த வாளியை எவ்வளவு கழுவினாலும் நான் கோழிக்குப் பயன்படுத்த மாட்டேன். இரும்புக்கடையில் 3 அங்குல பிவிசி எல்போ (குழாய்களை இணைக்கும் முழங்கை போன்ற வளைவுத் துண்டு) நான்கு கேளுங்கள், வாளிக்கு இரண்டு வீதம். வாளியின் பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், எல்போ இறுக்கமாக நுழையும் அளவுக்கு வட்டமாகத் துளையிட வேண்டும். எல்போவின் ஒரு வாய் வாளிக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். மற்றொரு வாய் உள்ளே அடித்தட்டை நோக்கித் திரும்பி, தட்டுக்கு மேல் மூன்று விரற்கடை இடைவெளியில் நிற்க வேண்டும். சேருமிடத்தைச் சுற்றிச் சிலிக்கோன் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். தீனியைக் கொட்டும்போது அது எல்போவுக்குள் ஓரளவுக்கு மட்டும் ஏறி நின்றுவிடும். கோழி தலையை எல்போவுக்குள் விட்டுக் குனிந்து தின்னும்; வீசுவதற்கு இடமில்லை, எனவே சிந்துவதற்கும் வழியில்லை. சேவலின் கொண்டை உராயாமல் இருப்பதற்காகத்தான் 3 அங்குலம் என்றேன். அறுத்த விளிம்புகளை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்குவதைத் தம்பி மறந்துவிட வேண்டாம்.

முதல் இரண்டு நாள்கள் கோழிகள் அந்த ஓட்டைகளைச் சந்தேகத்தோடு பார்க்கும். எல்போவின் வெளிவாயில் சிறிது சோளத்தைத் தூவி வையுங்கள், கற்றுக்கொள்ளும். மாவுத் தீனியை விடக் குச்சித் தீனி இந்த அமைப்பில் தடையின்றி இறங்கும். எல்லாச் சத்தும் ஒரே குச்சியில் இருப்பதால் பொறுக்கித் தின்னும் பழக்கமும் குறையும். ஆனால் ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

வாளியைக் கூரைக்கு அடியில், எந்தப் பக்கத்திலிருந்தும் சாரல் அடிக்காத இடத்தில் சங்கிலியால் தொங்கவிடுவது நல்லது. கோழி வளர வளரச் சங்கிலியை ஒரு கண்ணி உயர்த்திக்கொள்ளலாம். எறும்பு வருமானால் சங்கிலியின் நடுவில் ஒரு கையளவுக்கு கிரீஸ் தடவுங்கள். கோழியின் இறகுக்கு எட்டாத உயரத்தில் தடவ வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு நல்ல தொட்டியாக இருந்தாலும் இரவில் அது கூண்டுக்குள் இருக்கக் கூடாது. நம் ஊரில் ஆண்டு முழுவதும் மாலை 7 மணிக்கும் 7.40க்கும் இடையில் சூரியன் மறைந்துவிடுகிறது. அதற்குள் கோழிகள் தாமாகவே பரண் ஏறிவிடும். அந்த நேரத்தில் வாளியைக் கழற்றி, மூடியுள்ள இரும்புப் பீப்பாய் ஒன்றில் வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பீப்பாயை எலி ஓரிரு இரவுகளில் கடித்து ஓட்டையிட்டுவிடும். மூட்டைத் தீனியும் அதே பீப்பாய்க்குள் இருக்கட்டும். விலை மலிவு என்று 50 கிலோ மூட்டை வாங்காதீர்கள். உங்கள் கோழிகள் அதைத் தின்று முடிக்க எழுபது நாள்களுக்கு மேல் ஆகும். மூன்று வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். இரவில் தீனி கிடைக்காத கூண்டுக்கு எலி சில நாள்கள் வந்து தேடிவிட்டு, வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடும். கூண்டின் வலையையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். கட்டைவிரல் நுழையும் சந்து எலிக்குப் போதும் என்பதால், தரையை ஒட்டிய பகுதிக்கு அரை அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை அடிப்பது நல்லது.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் நீங்களே போய், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். தாமானில் கோழி வளர்ப்பதற்கான விதிமுறைகளை செபராங் பிறை மாநகர் மன்றத்தில் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் நல்லது. அந்த அம்மாள் புகார் கொடுத்த பிறகு கேட்பதை விட, முன்னால் கேட்பது உங்களுக்குக் கௌரவம்.

கேள்வி: நான் பிவிசி குழாயில் தீனித்தொட்டி செய்து நான்கு மாதங்கள் ஆகின்றன. முதலில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது தீனி வளைவில் அடைத்துக்கொள்கிறது, தட்டினால்தான் இறங்குகிறது. சென்ற வாரம் கழற்றிப் பார்த்தபோது புளித்த வாடை வந்தது. மேல்மூடி இருக்கிறது, மழை உள்ளே போகவில்லை. பிறகு ஈரம் எங்கிருந்து வந்தது? அந்தத் தீனியை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகர், சுங்கை ஆரா

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. தூக்கி எறியுங்கள், அதுவும் கோழிகளுக்கு எட்டாத இடத்தில்.

காரணத்தைச் சொல்கிறேன். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே புரியாமல் அதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூத்த பூஞ்சணமே காரணம் என்று தெரிந்தது. அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்ஸின் என்று பெயர். அது ஈரலைத் தாக்கும். சோளத்திலும் கடலையிலும் வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அந்தப் பூஞ்சணம் வளரும். நம் கோழித் தீனியில் பெரும்பங்கு சோளம்தான். வெயிலில் காயவைத்தால் பச்சைப் பூப்பு உதிர்ந்து போகும், வாடையும் குறையும்; நஞ்சு மட்டும் தீனியிலேயே தங்கிவிடும். சமையல் சூட்டுக்கும் அது அழிவதில்லை.

எனக்கே இதில் பட்டறிவு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், ஓர் அக்டோபர் மாதம், ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள்கள் போக வேண்டியிருந்தது. போவதற்கு முன் பெரிய தொட்டி ஒன்றை விளிம்புவரை நிரப்பிவிட்டு, கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் தீனி அப்படியே கேக் போல உறைந்திருந்தது. குச்சியால் குத்தி உடைத்தேன். உள்ளே இளஞ்சூடு, சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் பஞ்சு போன்ற இழைகள். மூடியில் மயிரிழை போன்ற ஒரு விரிசல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மேல் பகுதியை மட்டும் அள்ளி எறிந்துவிட்டு, 'அடியில் இருப்பது நன்றாகத்தானே இருக்கிறது' என்று மீண்டும் போட்டேன். அந்த மாதத்தில் இரண்டு பெட்டைகள் இறகு சிலிர்த்து, ஒதுங்கி உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பரிசோதனை எதுவும் செய்து பார்க்கவில்லை என்பதால் அந்தத் தீனிதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று முதல் சந்தேகத்துக்குரிய தீனியை நான் தயங்காமல் கொட்டிவிடுகிறேன்.

உங்கள் குழாய்க்குள் மழை போகவில்லை என்பது சரி. ஈரம் காற்றோடு போயிருக்கிறது. பகலில் வெயில் பட்ட குழாய் உள்ளே சூடேறுகிறது, இரவில் குளிர்கிறது. அப்போது உட்சுவரில் வியர்வை போல நீர் கட்டுகிறது. வாய்ப்பக்கத்திலிருந்து கோழியின் ஈர அலகும் தன் பங்கைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த ஈரத்தைக் குடித்த மாவு வளைவில் ஒட்டிப் பாலம் போலக் கட்டிக்கொள்கிறது. மேலே இருக்கும் தீனி இறங்காது, கீழே இருப்பது புளிக்கும். நீங்கள் பயன்படுத்தியது 90 பாகை வளைவாக இருந்தால் அதை மாற்றி, 45 பாகையில் பிரியும் ஒய் வடிவ இணைப்பைப் போடுங்கள். அதன் சரிவான கிளையிலிருந்துதான் கோழி தின்ன வேண்டும்; நேர்க்குழாயின் அடியைக் கழற்றக்கூடிய மூடியால் அடைத்தால், வாரம் ஒரு முறை அதைத் திறந்து, எஞ்சியதைக் கொட்டி, கயிற்றில் கட்டிய துணியால் உட்புறத்தைத் துடைக்க வசதியாக இருக்கும். அடிமூடியில் 3 மில்லிமீட்டர் அளவில் இரண்டு துளைகள் இட்டால் சேரும் நீர் வடிந்துவிடும். குழாயை வெயில் படாத பக்கத்துக்கு மாற்றுங்கள். மாவுத் தீனியை விட்டுக் குச்சித் தீனிக்கு மாறினால் அடைப்புத் தொல்லையில் பெரும்பகுதி அன்றே தீர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு நாள் தீனிக்கு மேல் ஊற்றாதீர்கள், பழையது தீர்ந்த பிறகே புதியதை ஊற்றுங்கள். பழையதன் மேல் புதியதை ஊற்றிக்கொண்டே போகும் குழாயில், அடியில் கிடப்பது எத்தனை நாள் தீனி என்று உங்களுக்கே தெரியாது.

கேள்வி: எங்கள் டுரியான் தோட்டத்தில் ஒரு பெட்டை பதினொரு குஞ்சுகளோடு சுற்றுகிறது. மற்றப் பெட்டைகளுக்கு முட்டைக்கோழித் தீனி போடுகிறோம். குஞ்சுகளும் அதையே தின்கின்றன. தனித் தொட்டி வேண்டுமா?
— ஒரு வாசகர், பாலிக் பூலாவ்

பதில்: வேண்டும். முட்டைக்கோழித் தீனியில் ஓட்டுக்காக 3.5 முதல் 4 விழுக்காடுவரை சுண்ணாம்புச் சத்து சேர்த்திருப்பார்கள். குஞ்சுக்குத் தேவை ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். மிகுதியானது அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுக்கு வேண்டியது 20 விழுக்காடு அளவில் புரதமுள்ள குஞ்சுத் தீனி.

தொட்டியைப் பிரிப்பது எளிது. அகலமான பெரிய கூடை ஒன்றைக் கவிழ்த்து, குஞ்சு நுழையவும் தாய் நுழைய முடியாமலும் இருக்கும் அளவுக்கு அதன் பக்கங்களில் இரண்டரை அங்குல வழிகள் வெட்டிவிட்டு, மேலே ஒரு கல்லை வைத்து, உள்ளே குஞ்சுத் தீனியை வைத்துவிடுங்கள். கல் இல்லாமல் வைத்தால் தாய்க்கோழி அரை மணி நேரத்தில் கூடையைப் புரட்டிவிடும். உள்ளே வைக்கும் தட்டு ஆழமில்லாததாக, மேலே கம்பித் தடுப்பு உள்ளதாக இருக்கட்டும். இல்லையென்றால் குஞ்சுகள் தீனிக்குள்ளேயே நின்று எச்சமிட்டு, கழிச்சலைத் தாமே வரவழைத்துக்கொள்ளும். பொரித்த முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு மட்டும் முட்டை அடுக்கும் காகித அட்டையில் தூவினால் போதும். பிறகு அட்டையை எரித்துவிடுங்கள்.

இதை விட எளிய வழி ஒன்று உண்டு, நான் பின்பற்றுவதும் அதைத்தான். குஞ்சுகள் வளரும்வரை எல்லாக் கோழிகளுக்கும் சுண்ணாம்பு குறைந்த வளர்கோழித் தீனியையே போட்டு, முட்டையிடும் பெட்டைகளுக்கான சுண்ணாம்பைத் தனிக் கிண்ணத்தில் உயரமாகத் தொங்கவிடுவது. கடையில் விற்கும் சிப்பித்தூளும் ஆகும். வீட்டில் கெராங் சிப்பி சமைத்த பிறகு ஓடுகளைக் கழுவி, கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து, உரலில் இட்டு உளுந்து அளவுக்கு இடித்துக்கொண்டாலும் ஆகும். ஊசிபோல் கூரிய சில்லுகள் இல்லாமல் சலித்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் பெட்டை தானே வந்து கொத்திக்கொள்ளும். சேவல் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்காது.

கேள்வி: மீந்த சோற்றையும் கறியையும் தீனித்தொட்டியிலேயே கலந்து போடலாமா?
— ஒரு வாசகி, ஜெலுத்தோங்

பதில்: தொட்டியில் ஈரமான எதையும் போடாதீர்கள். மீந்த சோறு கொஞ்சமாக, தனித் தட்டில், அரை மணி நேரத்தில் தின்று முடியும் அளவுக்கு மட்டும். உப்பும் எண்ணெயும் நிறைந்த குழம்பு வேண்டாம். பூப்பு பிடித்த ரொட்டி அறவே வேண்டாம். மதியத்துக்கு முன் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள். சோற்றால் வயிறு நிறைந்த பெட்டை தன் தீனியைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், முட்டையும் குறையும்.

கேள்வி: தண்ணீர்ப் பாத்திரத்தைத் தீனித்தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கோழிகள் அலகில் தீனியோடு வந்து தண்ணீரைக் குழப்பிவிடுகின்றன. கொசுவும் வருகிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இரண்டையும் ஆறேழு அடி தள்ளி வையுங்கள். கோழி தின்பதைப் போல இரு மடங்கு தண்ணீர் குடிக்கும். வெயில் கடுமையான நாள்களில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். மதிய வெப்பத்தில் அது தீனியைத் தொடாது, தண்ணீரைத்தான் தேடும். எனவே நிழலில் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதைத் தண்ணீருக்குக் கொடுங்கள். தீனித்தொட்டியை வேறு கூரைக்கு அடியில் வைத்து, காலையிலும் மாலை 5 மணியளவிலும் பாதிப் பாதியாக நிரப்புங்கள்.

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். நீங்கள் தினமும் தண்ணீரை மாற்றுவதாக இருந்தாலும், பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றினால் மட்டும் போதாது. அதன் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். தேங்காய்நாரால் உட்புறத்தை அழுத்தித் தேய்த்து, கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு இருப்பது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டத்துக்குரிய குற்றம் என்பதையும், சோதனைக்கு வரும் அதிகாரிகள் கோழிக் கூண்டையும் எட்டிப் பார்ப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பாத்திரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது, அதன் அடியில் முட்டுக்கொடுத்த செங்கல்லின் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். தேங்கியிருந்தால் குழி கீழ்ப்பக்கம் வரும்படி செங்கல்லைக் கவிழ்த்துப் போடுங்கள்.